வாக்களிக்க எந்த வயது?

1987 ஜனவரியில் கர்நாடகத்தில் ஜில்லா பரிஷத்துகளுக்கும் மண்டலப் பஞ்சாயத்துகளுக்கும் தேர்தல் நடந்தது. ராமகிருஷ்ண ஹெக்டே முதலமைச்சர். பஞ்சாயத்துத் துறை அப்துல் நசீர் சாப் கையில் இருந்தது. வறண்ட ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்துக் கொடுத்ததால் மக்கள் அவரை ‘நீர் சாப்’ என்றே அழைத்தார்கள். அவர் முன்னின்று கொண்டுவந்த 1983-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சியில் நான்கில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. கூடவே வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. அதன்படி மாண்டியா மாவட்டத்தில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வாக்களிக்க முடிந்தது. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் வாக்களிக்க அவள் இன்னும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும் என்றது அரசியல் சாசனம்.

ஒரே ஆள், ஒரே அறிவு, ஒரே ஊர். ஒரு தேர்தலுக்கு வயது போதும், இன்னொன்றுக்குப் போதாது. இந்த முரணிலிருந்துதான் வாக்குரிமைக்கும் வயதுக்கும் உள்ள உறவைப் பார்க்கத் தொடங்கவேண்டும். வாக்குக்கு வயது வரம்பு தேவையா? தேவையென்றால் எந்த வயது? கீழே ஒரு வரம்பு இருக்கும்போது மேலேயும் ஒன்று வேண்டாமா? வயதை எட்டியவருக்கு வாக்களிக்கும் வாய்ப்பு உண்மையிலேயே கிடைக்கிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கும் கர்நாடகத்திலும் பெங்களூரிலும் கண்முன்னே சான்றுகள் இருக்கின்றன.

இருபத்தொன்றிலிருந்து பதினெட்டுக்கு

நம் நாட்டில் வாக்குரிமையின் வரலாறு என்பது வரம்புகள் ஒவ்வொன்றாக விழுந்த வரலாறு. செங்கல்பட்டுப் பகுதியிலிருந்து மைசூருக்குப் போய் திவானான ரங்காச்சார்லு 1881-இல் மைசூர் பிரதிநிதிகள் சபையைத் தொடங்கிவைத்தார். முதலில் அதற்கு உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டார்கள். 1891-இல் தேர்தல் வந்தபோதும் சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கே அதில் இடம் கிடைத்தது. சென்னை மாகாணம் 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. அதுவும் சொத்துத் தகுதிக்கு உட்பட்டதுதான். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ்கூட மக்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குத்தான் வாக்கு இருந்தது.

1928-இல் மோதிலால் நேரு அறிக்கை ஆண், பெண் பேதமின்றி 21 வயதான அனைவருக்கும் வாக்குரிமை கேட்டது. அரசியல் சாசனத்தின் 326-ஆம் பிரிவு அதையே சட்டமாக்கியது. 1951-52-இல் முதல் பொதுத்தேர்தலுக்குத் தயாரான பட்டியலில் 17 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அப்போது எழுத்தறிவு பெற்றோர் 18 விழுக்காடு. படிக்காதவர்களிடம் நாட்டை ஒப்படைப்பதா என்று அன்று கேட்டவர்கள் பலர். அந்தத் தேர்தல் நடந்த விதமே அவர்களுக்குப் பதிலாக அமைந்தது. ஆனால் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே பதிவு செய்துகொண்ட ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். சட்டம் தந்த உரிமை பட்டியல் தயாரிப்பில் பறிபோகலாம் என்பதற்கு நம் குடியரசின் முதல் பாடம் அது.

உலகில் வயது வரம்பு இறங்கத் தொடங்கியதும் இலங்கை முன்வரிசையில் நின்றது. 1931-இலேயே வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு தந்த நாடு அது. 1959-இல் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆக்கியது. பிரிட்டன் 1969-இல்தான் அந்த முடிவுக்கு வந்தது. அமெரிக்கா 1971-இல் வந்தது. வியட்நாம் போருக்குப் பதினெட்டு வயது இளைஞர்களை அனுப்பிக்கொண்டு அவர்களுக்கு வாக்கை மறுக்க முடியாத நிலை அங்கே உருவாகியிருந்தது.

இந்தியாவில் மாற்றம் மேலிருந்து வரவில்லை, உள்ளாட்சியிலிருந்து வந்தது. மேற்கு வங்கம் 1981 நகராட்சித் தேர்தலில் பதினெட்டு வயதினரை வாக்களிக்க அழைத்தது. கர்நாடகம் 1987-இல் அழைத்தது. 1988 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தில் அரசியல் சாசனத் திருத்த மசோதாவை முன்வைத்தவர் பி. சங்கரானந்த். அவர் கர்நாடகத்தின் சிக்கோடி தொகுதி உறுப்பினர். சில மாநில அரசுகள் உள்ளாட்சித் தேர்தலுக்கு 18 வயதை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டன என்பதை மசோதாவின் நோக்க உரையே ஒரு காரணமாகக் காட்டியது. நசீர் சாப் அதே ஆண்டில் மறைந்திருந்தார். தன் சட்டம் நாட்டுக்கே முன்மாதிரியாவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இரு அவைகளும் ஒரு வாரத்துக்குள் மசோதாவை நிறைவேற்றின. பட்டுக்கோட்டை வட்டாரத்து ராஜாமடத்தில் பிறந்த குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் 1989 மார்ச் 28 அன்று ஒப்புதல் அளித்தார். 61-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது இருபது வயதுக்காரருக்கு வாக்கில்லை. அதே ஆண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் இருந்தது. இடைப்பட்ட பத்து மாதங்களில் அவர் திடீரென்று அறிவாளி ஆகிவிடவில்லை. நாடு அவரைப் பார்க்கும் பார்வைதான் மாறியது.

வரம்பே வேண்டாமா?

சொத்து, படிப்பு, பால் என்ற வரம்புகளை எந்த நியாயத்தில் நீக்கினோமோ அதே நியாயத்தில் வயதையும் நீக்கவேண்டும் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் அரசியலறிஞர் டேவிட் ரன்சிமன் ஆறு வயதுக் குழந்தைக்கும் வாக்கு தரலாம் என்று 2018-இல் சொன்னார். மக்கள்தொகை அறிஞர் பால் டெமனி 1986-இல் வேறொரு வழியைச் சொல்லியிருந்தார். பிறந்த குழந்தைக்கும் ஒரு வாக்கு உண்டு, அது வளரும்வரை பெற்றோர் அதன் சார்பில் அந்த வாக்கைச் செலுத்தட்டும் என்பது அவர் யோசனை.

இவற்றை விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. நம் நாடாளுமன்றத் தொகுதிகள் வாக்காளர் எண்ணிக்கையை வைத்து வகுக்கப்படுவதில்லை, மக்கள்தொகையை வைத்து வகுக்கப்படுகின்றன. அந்தக் கணக்கில் தொட்டில் குழந்தையும் ஓர் ஆள். தொகுதி மறுவரையறையில் தென் மாநிலங்கள் இடங்களை இழக்குமோ என்று நாம் கவலைப்படும்போது, குழந்தைகளின் எண்ணிக்கையும் சேர்ந்த கணக்கைத்தான் பேசுகிறோம். தலை எண்ணும்போது சேர்த்துக்கொள்கிறோம், குரல் கேட்கும்போது விட்டுவிடுகிறோம். மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் குழந்தைகளாக உள்ள ஒரு நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் வயது வரம்பு பிற வரம்புகளைப் போன்றதல்ல. பெண் என்பதால் வாக்கு மறுக்கப்பட்டவர் சாகும்வரை பெண்தான். நிலமற்றவராகப் பிறந்தவர் பெரும்பாலும் நிலமற்றவராகவே வாழ்ந்து முடித்தார். வயது அப்படியில்லை. அதை எல்லோரும் கடக்கிறார்கள். முதலாளியின் மகனும் கூலிக்காரரின் மகளும் ஒரே கணக்கில் கடக்கிறார்கள். எவரையும் நிரந்தரமாக வெளியே நிறுத்தாத ஒரே வரம்பு இது. அதனால்தான் மக்களாட்சியோடு முரண்படாமல் இதற்கு இருக்க முடிகிறது. அறிவுத் தேர்வு வைத்து வாக்குத் தரலாமே என்பவர்களுக்கும் இதுவே பதில். தேர்வு என்று வந்தால் அதை நடத்துகிறவர் கையில் வாக்குரிமை போய்விடும். அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தியது அத்தகைய எழுத்தறிவுத் தேர்வுதான். பிறந்த தேதியை எந்த அதிகாரியும் தன் விருப்பப்படி திருத்தித் தேர்ச்சியோ தோல்வியோ போட முடியாது.

பெற்றோருக்குக் கூடுதல் வாக்கு என்ற டெமனியின் யோசனையும் இங்கேதான் சறுக்குகிறது. ஒருவர் வாக்கை இன்னொருவர் போட்டால் அது போடுகிறவரின் வாக்கு. குழந்தை பெற்றவருக்கு இரண்டு, பெறாதவருக்கு ஒன்று என்றாகிவிடும்.

ஆகவே வரம்பு தேவை. ஆனால் எங்கே வரம்பு வைக்கிறோமோ அந்த இடத்துக்குக் காரணம் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு. 2022 நவம்பரில் நியூசிலாந்து உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பதினாறு, பதினேழு வயதினருக்கு வாக்கை மறுப்பது வயதுப் பாகுபாட்டிலிருந்து காக்கும் உரிமையோடு பொருந்தவில்லை, அதற்கான நியாயத்தை அரசு நிறுவவும் இல்லை என்று அது அறிவித்தது. அங்கே சட்டம் இன்னும் மாறவில்லை. ஆனால் விளக்கம் சொல்லவேண்டியது யார் என்பது மாறிவிட்டது.

பதினாறுக்கு இறங்கலாமா?

பிரேசில் 1988 அரசியல் சாசனத்திலேயே 16 வயதினருக்கு விருப்ப வாக்கு தந்தது. ஆஸ்திரியா 2007-இல் எல்லாத் தேர்தல்களுக்கும் 16 என்று மாற்றியது. அர்ஜென்டினா 2012-இல் சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் 2014 விடுதலை வாக்கெடுப்பில் பதினாறு வயதினர் வாக்களித்தார்கள். பொதுத்தேர்தலுக்கும் 16 வயதைக் கொண்டுவரப்போவதாக 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு அறிவித்தது. இன்னொரு பக்கம் சிங்கப்பூர் இன்றும் 21-லேயே நிற்கிறது. மலேசியா 2019-இல்தான் 21-இலிருந்து 18-க்கு வந்தது. ஆனால் அந்தத் திருத்தத்தோடு வேட்பாளர் வயதையும் 18-ஆக்கி, வயது வந்தவர் தானாகவே பட்டியலில் சேரும் முறையையும் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்ததும் அங்குள்ள தமிழ் இளைஞர்களும் மனு எதுவும் போடாமலே வாக்காளர் ஆனார்கள்.

பதினாறு வயதில் முதிர்ச்சி இருக்குமா என்ற கேள்விக்கு உளவியல் ஆய்வுகள் இரண்டு விதமான முடிவெடுத்தலைப் பிரித்துக் காட்டுகின்றன. நண்பர்கள் சூழ, வேகத்தில், உணர்ச்சிவசப்பட்டு எடுக்கும் முடிவுகளில் பதின்வயதினர் பெரியவர்களைவிடத் தடுமாறுகிறார்கள். தகவல்களைத் திரட்டி, அவகாசத்தோடு எடுக்கும் முடிவுகளில் பதினாறு வயதிலேயே ஏறக்குறைய பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வாக்களிப்பு இரண்டாம் வகை. வாரக்கணக்கில் பிரசாரம் கேட்டு, யோசித்து, திரைமறைவில் தனியாக நின்று பொத்தானை அழுத்தும் செயல் அது.

இதற்கு நம் பக்கத்துச் சான்று கர்நாடகக் கடலோரத்தில் இருக்கிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘கன்சர்ன்ட் ஃபார் வொர்க்கிங் சில்ட்ரன்’ அமைப்பின் துணையோடு, வேலைசெய்யும் சிறுவர்களின் சங்கமான ‘பீம சங்கம்’ 1990-இல் உருவானது. அதன் தொடர்ச்சியாக 1990-களின் நடுவில் குந்தாபுர வட்டத்தின் கிராமங்களில் ‘மக்கள பஞ்சாயத்து’ என்னும் குழந்தைகள் பஞ்சாயத்துகள் தோன்றின. பிள்ளைகளே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்தின் முன் தங்கள் கோரிக்கைகளை வைத்தார்கள். மழைக்காலத்தில் ஓடைகள் பெருக்கெடுக்கும் பகுதி அது. பள்ளிக்கூடம் போகும் வழியில் தண்ணீரைக் கடக்க உறுதியான நடைபாலம் இல்லை என்பதைப் பெரியவர்களின் திட்டங்கள் கண்டுகொள்ளவில்லை. அந்த வழியில் தினமும் நடந்த பிள்ளைகள் அதைப் பட்டியலில் முதலில் எழுதினார்கள். அந்த அனுபவம் தந்த நம்பிக்கையில், ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்திலும் குழந்தைகள் கிராம சபை கூட்டவேண்டும் என்று பின்னாளில் கர்நாடக அரசே ஆணையிட்டது.

அந்தப் பிள்ளைகளின் கோரிக்கைகளில் சிறுபிள்ளைத்தனம் எதுவும் இல்லை. பாலம், தண்ணீர், பாதை என்று அவர்கள் கேட்டவை உள்ளாட்சி அரசியலின் மையமானவை. பெரியவர்களிடம் இல்லாத ஒரு தகவல் அவர்களிடம் இருந்தது. வாக்குரிமை ஒருவரின் அறிவுக்குத் தரும் பரிசு என்று நினைப்பது பிழை. அவர் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்ற தகவலை அரசுக்குக் கொண்டுசேர்க்கும் வழி அது.

எதிர்வாதங்களில் மூன்று வலுவானவை. முதலாவது, வீட்டில் அப்பா சொன்ன சின்னத்துக்குத்தான் பிள்ளை போடும் என்பது. இதே வாதம் பெண்களுக்கு எதிராகவும் சொல்லப்பட்டது. கணவன் சொன்னதைத்தான் போடுவாள் என்றார்கள். ரகசிய வாக்கெடுப்பு அதற்கு மருந்தாக அமைந்தது, இதற்கும் அமையும்.

இரண்டாவது, பள்ளிக்குள் கட்சி நுழைந்துவிடும் என்ற அச்சம். இது உண்மையான அச்சம். ஆசிரியர் கையில் மதிப்பெண் இருக்கும்போது அவர் சொல்லும் அரசியலுக்கு மாணவர் எதிர்ப்பேச்சு பேச முடியாது. இந்த மாற்றம் வந்தால் கல்வி வளாகத்துக்கென்று தனி நடத்தை விதிகள் கூடவே வரவேண்டும். விதி இல்லாமல் உரிமை மட்டும் வந்தால் அது பிள்ளைகளுக்கே தீங்கு.

மூன்றாவதுதான் மிகக் கனமானது. பதினாறு வயதினரை வாக்களிக்கும் அளவுக்கு வளர்ந்தவர்கள் என்று ஏற்றுக்கொண்டால், குழந்தைகள் என்று அவர்களுக்குத் தந்துள்ள பாதுகாப்பையும் விலக்கிக்கொள்ளச் சொல்வார்களே என்பது. திருமண வயதைக் குறை, வேலைக்கு அனுப்பு, குற்றம் செய்தால் பெரியவர்களைப்போல் தண்டி என்று கேட்கக் காத்திருப்போர் இருக்கிறார்கள். இதை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் நம் சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே வயது எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. பதினெட்டில் வாக்களிக்கும் ஆண் 21 ஆகும்வரை திருமணம் செய்ய முடியாது. மக்களவைக்கு நிற்க 25, மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவராக 35. ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. குழந்தைத் திருமணத் தடையும் அபாயகரமான வேலைக்குத் தடையும் பிள்ளையைப் பிறர் சுரண்டாமல் காப்பதற்காக. வாக்குச்சீட்டால் பிள்ளைக்கு அப்படி ஆபத்து எதுவும் இல்லை.

சொல்லப்போனால் பாதுகாப்பு ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கிறது, உரிமைதான் வரவில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி கொடுங்குற்ற வழக்குகளில் 16 முதல் 18 வயதுள்ளவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்க வழியுண்டு. பதினான்கு வயது முடிந்தவரை அபாயமில்லாத வேலைகளில் அமர்த்தலாம். பதினேழரை வயதில் ராணுவத்தில் அக்னிவீரராகச் சேரலாம். கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார்கள். தண்டனைக்கும் உழைப்புக்கும் வரிக்கும் வயது போதும் என்றால், கருத்துச் சொல்ல மட்டும் ஏன் போதவில்லை என்று அவர்கள் கேட்டால் நம்மிடம் நேர்மையான பதில் இல்லை.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. பதினெட்டு என்பது முதல் வாக்குக்கு உண்மையிலேயே தோதில்லாத வயது. வீட்டை விட்டுக் கல்லூரிக்கோ வேலைக்கோ வேற்றூர் போகும் வயது அது. பதினாறில் பெரும்பாலோர் பிறந்த ஊரில், பெற்றோர் முகவரியில் இருக்கிறார்கள். பி.யூ.சி. என்னும் மேல்நிலை வகுப்பில் படிக்கிறார்கள், வாக்குச்சாவடி பெரும்பாலும் தெரிந்த பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. ஆஸ்திரியாவில் பதினாறு, பதினேழு வயதினர் தங்களைவிடச் சற்று மூத்த பதினெட்டு முதல் இருபது வயதினரைவிட அதிகமாக வாக்களித்ததாக ஆய்வுகள் கண்டன. முதல் முறை வாக்களித்தவர் தொடர்ந்து வாக்களிப்பார். முதல் தேர்தலைத் தவறவிட்டவருக்கு அது பழக்கமாகிவிடுகிறது.

மேல் வரம்பு

கீழே வரம்பு இருந்தால் மேலேயும் ஏன் கூடாது? பெல்ஜியத் தத்துவ அறிஞர் ஃபிலிப் வான் பரைஸ் 1998-இல் இதை ஒரு கட்டுரையில் தீவிரமாக அலசினார். முதியோர் பெரும்பான்மையாகிவிட்டால் நீண்டகால நலன்களைப் புறக்கணிக்கும் கொள்கைகள் வரும் என்பது அடிப்படைக் கவலை. நடைமுறையில் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் வாட்டிகன்தான். எண்பது வயது கடந்த கர்தினால்கள் போப்பைத் தேர்ந்தெடுப்பதில் பங்கேற்கக் கூடாது என்று ஆறாம் பவுல் 1970-இல் விதித்தார். பிரேசிலில் 70 வயதுக்குப் பின் வாக்களிப்பது கட்டாயமில்லை, ஆனால் உரிமை உண்டு.

தென்னிந்தியாவுக்கு இது தொலைதூரக் கேள்வி அல்ல. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி சராசரியாக ஒரு பெண் பெறும் குழந்தைகள் கர்நாடகத்தில் 1.7, தமிழ்நாட்டில் 1.8. நம் வாக்காளர் பட்டியல் வேகமாக மூப்படையப்போகிறது. அதன் முன்னறிகுறி 2023 கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலிலேயே தெரிந்தது. எண்பது வயது கடந்த வாக்காளர்கள் ஏறக்குறைய 12.15 லட்சம் பேர். பதினெட்டு, பத்தொன்பது வயது இளம் வாக்காளர்கள் ஏறக்குறைய 11.7 லட்சம் பேர். நூறு வயதைக் கடந்தவர்களே பதினாறாயிரத்துக்கு மேல் பட்டியலில் இருந்தார்கள்.

அப்படியிருந்தும் மேல் வரம்பு தவறு. கீழ் வரம்பை எல்லோரும் கடந்து உள்ளே வருகிறார்கள். மேல் வரம்பைக் கடப்பவர் வெளியேதான் போகிறார், அவருக்குத் திரும்பும் வழி இல்லை. பதினைந்து வயதுக்காரருக்கு நாளை என்று ஒன்று உண்டு. எண்பது வயதுக்காரருக்கு இன்றைய மருத்துவமனையும் ஓய்வூதியமும் ரேஷன் கடையும்தான் அரசியல். மூப்பு வேறு, மறதி நோய் வேறு. நீதிமன்றம் மனநலமற்றவர் என்று அறிவித்தவரை நீக்கச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் உண்டு. ஒரு தலைமுறையின் உரிமையைப் பறித்து இன்னொரு தலைமுறைக்கு நியாயம் செய்ய முடியாது.

இந்த விஷயத்தில் நாடு சரியான திசையில் போகிறது. 2023-இல் கர்நாடகத்தில் எண்பது கடந்தவர்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி தரப்பட்டது. அலுவலர்கள் வாக்குச்சீட்டோடு வீடு தேடிப் போனார்கள். ஆனால் 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் அந்த வயது 85-ஆக உயர்த்தப்பட்டது. அதை மீண்டும் எண்பதுக்குக் கொண்டுவரவேண்டும். இமாச்சலப் பிரதேசத்தின் கல்பாவில் 1951 அக்டோபரில் சுதந்திர இந்தியாவின் முதல் வாக்கைச் செலுத்தியவரென்று அறியப்பட்ட ஷியாம் சரண் நேகி, 2022 நவம்பரில் தன் 105-ஆம் வயதில் வீட்டிலிருந்தே வாக்களித்தார். மூன்றே நாளில் மறைந்தார். நாட்டின் எதிர்காலம் குறித்த அக்கறை வயதோடு தீர்ந்துவிடும் என்று சொல்வோர் அவர் வாழ்க்கையைப் பார்க்கலாம்.

முதியோர் வாக்கின் எடை கூடுகிறதே என்ற கவலைக்குத் தீர்வு அவர்கள் வாக்கைக் குறைப்பதல்ல, இளையோர் வாக்கைக் கூட்டுவது. மேல் வரம்புக் கேள்வியும் கடைசியில் பதினாறு வயதிடமே வந்துசேர்கிறது.

நிற்பதற்கு ஒரு வயது

வாக்களிக்க 18, சட்டமன்றத்துக்கு நிற்க 25. இந்த ஏழாண்டு இடைவெளிக்கும் வலுவான காரணம் இல்லை. சுஷில் குமார் மோடி தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு, மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் வேட்பாளர் வயதை 18-ஆகக் குறைக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. தேர்தல் ஆணையம் அதை ஏற்கவில்லை. 61-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்த சங்கரானந்தின் சிக்கோடி தொகுதியில் 2024-இல் வென்றவர் 27 வயது பிரியங்கா ஜாரகிஹொளி. பீதரில் வென்ற சாகர் கண்ட்ரேவுக்கு 26. இருவரும் அமைச்சர்களின் பிள்ளைகள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வயது வரம்பு உயரமாக இருக்கும்போதும் குடும்பப் பின்புலம் உள்ள இளைஞர் உள்ளே வந்துவிடுகிறார். பின்புலமில்லாதவருக்கு உள்ளாட்சியில் தொடங்கி அனுபவம் சேர்ப்பதுதான் வழி. உள்ளாட்சித் தேர்தலே நடக்காவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

வயது வந்தும் வராத வாக்கு

பெங்களூரில் அதுதான் நடந்தது. பெங்களூர் மாநகராட்சியான பி.பி.எம்.பி.யின் வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்ட் 22 அன்று. அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. வார்டுகளின் எண்ணிக்கை மாறியது, இடஒதுக்கீட்டு வழக்குகள் நீண்டன, அதிகாரிகள் நிர்வாகம் செய்தார்கள். 2025 செப்டம்பரில் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. அந்த ஆண்டும் தேர்தல் இல்லாமலே முடிந்தது. மாநகராட்சியின் காலம் முடியுமுன் தேர்தல் நடத்தவேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243-யு பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 2015 தேர்தலுக்கு அடுத்த மாதம் பதினெட்டு வயதானவருக்கு 2025-இல் 28 வயது. குப்பை அள்ளுவது, சாக்கடை, தெருவிளக்கு, ஏரி என்று தன் அன்றாடத்தை ஆளும் மன்றத்துக்கு அவர் ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. பெங்களூரில் நகராட்சி வாக்குரிமையின் வயது நடைமுறையில் 28-ஆக உயர்ந்துவிட்டது. எந்தச் சட்டமன்றமும் அப்படித் தீர்மானம் போடவில்லை. நகரத்துக்கு மட்டுமல்ல, 2021-இல் காலம் முடிந்த ஜில்லா, தாலூகா பஞ்சாயத்துகளுக்கும் 2025 முடியும்வரை தேர்தல் நடக்கவில்லை. நசீர் சாபின் மாநிலத்தில் இப்படி நடந்திருப்பது வேதனைக்குரியது.

தேர்தல் நடக்கும்போதும் பட்டியல் ஒரு தடை. 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடெங்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதினரில் பத்துக்கு நான்கு பேர்கூடப் பதிவு செய்திருக்கவில்லை. அந்த ஏப்ரல் 26 அன்று பெங்களூரின் வடக்கு, மத்தி, தெற்கு ஆகிய மூன்று தொகுதிகளிலும் வாக்குப்பதிவு 53, 54 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பக்கத்துப் பெங்களூரு ஊரகத் தொகுதியில் 68. நகரத்து இளைஞருக்கு அக்கறையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பி.டி.எம். லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ பி.ஜி. விடுதியில் ஒரு கட்டிலுக்கு வாடகை தரும் இளைஞரின் நிலையை யோசிக்கவேண்டும். பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-க்கு முகவரிச் சான்றாகப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள். பெங்களூரில் புழக்கத்தில் உள்ளது பதினொரு மாத ஒப்பந்தம், அதை யாரும் பதிவு செய்வதில்லை. பி.ஜி.யில் அதுவும் கிடையாது. ஆதாரில் இருப்பதோ ஓசூரோ சேலமோ திருப்பத்தூரோ. சான்று இல்லாவிட்டால் அலுவலர் நேரில் வந்து விசாரிக்கலாம் என்று விதி உண்டு. அவர் வரும் நேரத்தில் இளைஞர் வேலையில் இருக்கிறார். ஆண்டுக்கொரு முறை ஜனவரி 1 என்று இருந்த தகுதி நாள் 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கானது நல்ல மாற்றம். பதினேழு முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்பதும் நல்லது. ஆனால் விண்ணப்பிக்கும் சுமை இன்னும் குடிமகன் தலையில்தான் இருக்கிறது. மலேசியா அந்தச் சுமையை அரசின் தலைக்கு மாற்றியது.

கர்நாடகம் செய்யக்கூடியது

326-ஆம் பிரிவின் 18 வயது மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் உரியது. உள்ளாட்சியில் வேட்பாளருக்கு 21 என்று சாசனம் சொல்கிறது. வாக்காளரின் வயதைச் சாசனத்தின் பஞ்சாயத்து, நகராட்சிப் பகுதிகள் தாமாக வரையறுக்கவில்லை. உள்ளாட்சித் தேர்தல் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு இருக்கிறது. 1983-இல் செய்ததைக் கர்நாடகம் இன்னொரு முறை செய்யலாம். கிராமப் பஞ்சாயத்துக்கும் மாநகராட்சிக்கும் மட்டும் பதினாறு வயதினரை வாக்களிக்க அழைக்கலாம். பி.யூ.சி. கல்லூரியில் சேரும் நாளிலேயே பெயர் பட்டியலில் ஏறட்டும். கல்லூரிக்குப் போகாதவரைத் தேடிப் பூத் அலுவலர் வீட்டுக்குப் போகட்டும். வளாகத்துக்குள் கட்சிப் பிரசாரத்துக்குத் தடை இருக்கட்டும். இரண்டு தேர்தல்கள் நடந்தபின் விளைவை எடைபோட்டு நாடு முடிவு செய்யலாம். 1987-க்கும் 1989-க்கும் இடையே நடந்தது இதுதான். ஒரு மாநிலம் துணிந்தது, நாடு பின்தொடர்ந்தது.

ஆனால் அதற்கு முன்பாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலை நடத்தவேண்டும். தேர்தலைத் தள்ளிப்போடும் அரசு, எந்தச் சட்டத்தையும் திருத்தாமல் வாக்களிக்கும் வயதை ஆண்டுதோறும் ஒன்று கூட்டிக்கொண்டே போகிறது. வாக்குரிமைக்கு வயது வரம்பு இருக்கலாம், அது தாழ்ந்ததாக இருக்கவேண்டும், எல்லோரும் கடக்கக்கூடியதாக இருக்கவேண்டும். கடந்துவந்தவருக்கு உரிய காலத்தில் தேர்தலை நடத்தித் தராத அரசுக்கு, பதினாறு வயதினரின் பக்குவத்தைப் பற்றிப் பேச எந்தத் தகுதியும் கிடையாது.